நாலாயிரம் வட்டங்களும் ஒரு புள்ளியும்

லான்ஜோ, பிப்ரவரி 24

அன்புள்ள யின்,

காகிதத்தில் கடிதம் எழுதுவதே மறந்துவிட்டது. மருந்துச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து பாழாகிவிட்டது. புரியாவிட்டால் பக்கத்து மருந்துக்கடையில் கொடு, படித்துச் சொல்வார்கள். வேறு வழி வைத்தாயா நீ? வீசாட் செயலியில் பிளாக். போனில் பிளாக். மின்னஞ்சல் போட்டால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. உன் பல்கலைக்கழகத்துத் தபால்காரரை மட்டும் நீ பிளாக் செய்ய முடியாது.

புத்தாண்டு வசந்த விழா விருந்தில் நடந்ததை என் பக்கத்திலிருந்தும் கேள். உன் அப்பாதான் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, ராப்பகலா கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றீங்க?" என்றார். பெரியவர் கேட்கிறாரே என்று போனை எடுத்து என் ஆராய்ச்சிப் படத்தைக் காட்டினேன். இதயத் தசை நோயில் தன்னுண்ணல் எப்படி வேலை செய்கிறது என்று உலகம் இருபது ஆண்டுகளாக எழுதித் தள்ளிய நாலாயிரம் கட்டுரைகள். ஒரு கட்டுரைக்கு ஒரு வட்டம். எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்களோ வட்டம் அவ்வளவு பெரிது. உன் சித்திக்குத் தன்னுண்ணல் என்றால் என்னவென்று புரியவில்லை. செல் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று செரித்துக்கொள்வது, வீட்டில் உடைந்த நாற்காலியை அடுப்பில் வைத்துச் சோறாக்குவது மாதிரி என்று சொன்னேன். நன்றாகத்தானே சொன்னேன்? பட்டினி கிடந்தால் அந்த வேலை கூடும் என்றும் சொன்னேன். அதுவரை எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

அப்புறம் உன் அப்பா, "இதுல எம் பொண்ணு எங்க?" என்றார். நான் திரையை விரித்தேன். இன்னும் விரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இதுவா, இந்தக் கடுகு?" என்றார். "அது திரையில ஒட்டின தூசி மாமா. அதுக்குப் பக்கத்துல பாருங்க" என்றேன்.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தூசிதான் யின்.

நீ ஏன் இதைப் புரிந்துகொள்ள மறுக்கிறாய்? கல்யாணமான நாளிலிருந்து நீ நான்ஜிங்கில், நான் லான்ஜோவில். விடுமுறைக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டி. உன் ஊர் மருத்துவமனையில் இதயப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. அச்சான ஒரு கட்டுரை வேண்டும், பேர்பெற்ற ஒரு பேராசிரியரின் சிபாரிசு வேண்டும். என்னிடம் ஆய்வுக்கூடம் இல்லை, எலி இல்லை. எலி இல்லாதவன் என்ன ஆராய்ச்சி செய்வான்? எலி வைத்திருப்பவர்களின் கட்டுரைகளை எண்ணுவான். அதைத்தான் செய்தேன். கட்டுரையை அனுப்பியும் விட்டேன்.

உன் பச்சை பிளாஸ்க் என் பையில் வந்துவிட்டது.

உன்,
வெய்லின்

நான்ஜிங், மார்ச் 9

டாக்டர் கெங் வெய்லின் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலம் என்று அறிகிறேன். நலமாக இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

தாங்கள் என்னைப் புள்ளி என்றதற்காக நான் கோபப்படவில்லை. புள்ளி என்பது உண்மை. ஆனால் அந்தப் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியுமா? எலியின் இதயத்தைவிட்டு வெளியேறும் குழாயை இறுக்கிக் கட்டி, அதன் இதயத் தசை வீங்குவதை வாரம் வாரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எலி என்னைக் கடித்திருக்கிறது. தங்களை ஏதாவது வட்டம் கடித்திருக்கிறதா?

ஒரே ஒரு கேள்வி. நாலாயிரம் கட்டுரைகளில் தாங்கள் படித்தவை எத்தனை? தலைப்பைப் பார்ப்பது படிப்பது ஆகாது. சுருக்கத்தின் கடைசி வரியைப் பார்ப்பதும் ஆகாது. முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, படங்களையும் சேர்த்து.

விருந்தில் தாங்கள் ஆற்றிய சொற்பொழிவின் பலனையும் தெரிவிக்கிறேன். பட்டினி கிடந்தால் உடம்பு தன் குப்பையைத் தானே தின்னும் என்று என் அப்பா முடிவு செய்துவிட்டார். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "செல் எல்லாம் வேலை பார்த்துக்கிட்டு இருக்கு, தொந்தரவு பண்ணாத" என்கிறார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு வழியில் போக ஆரம்பித்தால் கடைசி நிறுத்தம் வரை நிற்கமாட்டார். அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது மருத்துவரான தங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாஸ்கை அனுப்பிவைக்கவும்.

தாவ் யின்

லான்ஜோ, மார்ச் 20

அன்புள்ள யின்,

'தாங்கள்' என்று நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதம் போல இருக்கிறது. நானும் நீயும் பிண அறுவைக் கூடத்தில் ஒரே மேசையில் நின்று படித்தவர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: ஒன்றுகூட இல்லை. கடலை அளக்கிறவன் ஒவ்வொரு துளியாகக் குடித்தா பார்ப்பான்? மென்பொருளில் கட்டுரைகளின் விவரங்களைப் போட்டால் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று அதுவே கோடு இழுத்துப் படம் போட்டுவிடும். ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் பிரிவில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

சரி, நல்ல செய்தியைக் கேள். ஆய்விதழ் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது! இன்னொன்று. படத்திலேயே பெரிய வட்டம் யாருடையது தெரியுமா? உன் பேராசிரியர் பாங்! இருபது வருடத்துக்கு முன் அவர் எழுதிய கட்டுரை. தன்னுண்ணல்தான் இதயத் தசையைக் கொல்கிறது, அதை நிறுத்தினால் இதயம் பிழைக்கும் என்று எழுதியிருக்கிறாராம். அந்த வட்டத்துக்கு முன்னால் மற்றவை எல்லாம் பட்டாணி. 'இத்துறையின் அடிக்கல்' என்று எழுதிவிட்டேன். மரியாதைக்கு ஒரு பிரதியை அவருக்கே அனுப்பியும் வைத்தேன். சிபாரிசு கேட்க இதைவிட நல்ல வழி உண்டா? உன் புருஷனுக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது.

மாமாவிடம் சொல்: மாத்திரை சாப்பிடுகிறவர் பட்டினி கிடக்கவே கூடாது. நான் சொன்னதாகச் சொல். வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லாதே. நான் சொன்னதால்தானே ஆரம்பித்தார்.

பிளாஸ்கை அனுப்பப்போவதில்லை. அது இங்கே இருக்கிறவரைதான் நீ பதில் எழுதுவாய்.

வெய்லின்

நான்ஜிங், ஏப்ரல் 6

கெங்,

'தாங்கள்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் கை அவ்வளவு நீளமாக எழுத மறுக்கிறது.

நேற்று பாங் ஆய்வுக்கூடத்துக்குள் துள்ளிக் குதித்து வந்தார். அவர் வேகமாக நடந்தே நான் பார்த்ததில்லை. கையில் உன் படத்தின் வண்ணப் பிரதி. படம் மட்டும், எழுத்து இருந்த பக்கங்களைக் காணவில்லை. "தாவ் யின், உன் வீட்டுக்காரர் எவ்வளவு ஆழமான ஆளு! இத்தனை வருஷத்துல எனக்கு ஒருத்தனாவது நியாயம் செஞ்சானா? இவர் செஞ்சிருக்கார் பாரு" என்றார். மாணவர்களுக்கெல்லாம் வாத்துக்கறி வாங்கிக்கொடுத்தார். கட்டுரை அச்சில் வந்த மறுநாளே மருத்துவமனைக்குச் சிபாரிசு எழுதுவாராம். மருத்துவமனைத் தலைவர் அவருடைய பழைய மாணவர்.

எல்லோரும் வாத்தைத் தின்றுகொண்டே தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏன் தெரியுமா? பாங்கின் கட்டுரையை அத்தனை பேர் மேற்கோள் காட்டியது அது தப்பு என்று சொல்ல! அவர் சொன்னபடி தன்னுண்ணலை நிறுத்திப் பார்த்தவர்களின் எலிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அதற்கப்புறம் எவன் கட்டுரை எழுதினாலும் 'பாங் சொன்னதற்கு மாறாக' என்றுதான் ஆரம்பிக்கிறான். அவருக்கு என்று ஒரு சிறு கூட்டம் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் அதிகமாக அடிபடும் பெயர் எது? மூன்றாம் மாடி ஜியாவ். மாடிப்படியில் மின் ஸ்கூட்டரை நிறுத்துகிறவர். எந்தக் கூட்டம் போட்டாலும் அவர் பெயர்தான். உன் மென்பொருளிடம் கொடுத்தால் ஜியாவ்தான் இந்தக் குடியிருப்பின் அடிக்கல் என்று சொல்லும். புகழ்கிறார்களா திட்டுகிறார்களா என்று அதற்குத் தெரியாது. படித்துப் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது உன் பாடு. உண்மையை எழுதினால் பாங் சிபாரிசு செய்யமாட்டார். எழுதாவிட்டால் இடம் கிடைத்துவிடும். ஆனால் அடிக்கல் என்று எழுதியவன் இவன்தான் என்று துறை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிக்கும், பாங்கைத் தவிர.

நான் எதுவும் சொல்லமாட்டேன். மாற்றி எழுது என்று சொன்னால், நீ இங்கே வரவேண்டாம் என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதை என் வாயால் சொல்லமாட்டேன்.

யின்

லான்ஜோ, ஏப்ரல் 27

யின்,

படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பாங்கின் கட்டுரை. ஐந்து நாள் ஆயிற்று. அப்புறம் அவரை மேற்கோள் காட்டியவர்கள். ஐயோ, நீங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் திட்டுகிற திட்டு இருக்கிறதே! 'பாங் குழுவினரின் ஆர்வமூட்டும் முடிவுகளை எங்களால் மீண்டும் பெற முடியவில்லை' என்கிறார் ஒருவர். 'இம்முடிவுகள் மேலும் ஆராயத்தக்கவை' என்கிறார் இன்னொருவர். மேலும் ஆராயத்தக்கவை என்றால் பாராட்டு என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! எங்கள் ஊர் நூடுல்ஸ் கடையில் சூப்பு ஆறிப்போயிருந்தால் இதைவிடத் தெளிவாகத் திட்டுவார்கள்.

கட்டுரையை ஆய்விதழிலிருந்து வாபஸ் வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டால் நீ என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "ஏம்ப்பா கெங், ஏத்துக்கிட்ட கட்டுரைய எவனாவது திரும்ப வாங்குவானா? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"படிச்சுப் பார்த்தேன் சார். தப்பா இருக்கு."

"உன்னை யாரு படிக்கச் சொன்னது? என் பேரைப் போட்டு பதிமூணு கட்டுரை வந்திருக்கு. ஒண்ணையாவது நான் படிச்சிருக்கேனா? நிம்மதியா இல்ல?"

மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை படித்துவிட்டு. பாங் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான்ஜிங் இடம் போனால் போகட்டும் என்று எழுதத்தான் ஆசை, எழுத வரவில்லை. போனால் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும். உன்னோடு ஒரு வீட்டில், குப்பையை யார் கீழே கொண்டுபோய்ப் போடுவது என்று தினமும் சண்டை போட வேண்டும் என்றுதான் இத்தனை வட்டங்களையும் எண்ணினேன்.

அடுத்து உன் கட்டுரை.

வெய்லின்

நான்ஜிங், மே 8

வெய்லின்,

வாபஸ் வாங்கிவிட்டாயா! மடையா. முழு மடையா.

உன் கடிதத்தை எலிக்கூண்டுகளின் அறையில் நின்று படித்தேன். அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே. மருத்துவமனை வாசலுக்கு எதிர்ச் சந்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். சமையலறை சின்னது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது, சண்டைக்குத் தோதாக இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல் இருந்தது நான்தான், உன் தப்பு இல்லை.

போன வாரப் போன் பற்றி. அப்பா விடிகாலையில் பூங்காவில் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்துவிட்டார். முந்தின இரவும் பட்டினி, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நான் ஓடிப் பார்த்தபோது வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. நானும் மருத்துவம் படித்தவள்தான். ஆனால் இத்தனை வருடம் எலியைத் தவிர யாருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் வேறு யார் பெயரும் தோன்றவில்லை. உன் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

நீ "சர்க்கரைத் தண்ணி குடு, பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா எழுந்து உட்கார்ந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "மாப்பிள்ளைகிட்ட கேளு, சர்க்கரைத் தண்ணி குடிச்சா செல்லு வேலைய நிறுத்திடுமான்னு."

அப்புறம் மறுபடியும் உன்னைப் பிளாக் செய்துவிட்டேன். தப்பாக நினைக்காதே. நீ எதிரே நின்று மன்னிப்புக் கேட்கும்வரை என்று விருந்தன்றைக்கே முடிவு செய்தது; பாதியில் மாற்றினால் அப்பாவின் பட்டினிக்கும் என் கோபத்துக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது அவர் இரவில் சாப்பிடுகிறார். கொஞ்சம் அதிகமாகவே.

யின்

லான்ஜோ, ஜூன் 3

அன்புள்ள யின்,

இரண்டு விஷயம். முதலாவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. இரண்டாவது நல்ல விஷயம்.

உன் கட்டுரையை முழுதும் படித்தேன். மூன்று தடவை. முதல் தடவை ஒன்றும் புரியவில்லை, இரண்டாவது தடவை பெருமையாக இருந்தது, மூன்றாவது தடவை ஆறாவது படத்திலேயே நின்றுவிட்டேன். உன் எலிகளுக்கு நோயின் ஆரம்பத்திலேயே தன்னுண்ணலை நிறுத்தும் மருந்தைக் கொடுத்திருக்கிறாய். அவை ஐந்தாம் வாரம் செத்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய். மருந்து கொடுக்காதவை நன்றாக இருந்தன. சரி. ஆனால் ஆறாவது படத்தில் செத்த எலிகளின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே 'மருந்து கொடுக்காதவை' என்று இருக்கிறது. பிழைத்தவற்றின் கறுப்புக் கோட்டுக்கு 'மருந்து கொடுத்தவை' என்று இருக்கிறது. அப்படியானால் அடுத்த பக்கத்து அட்டவணையில், மருந்து கொடுக்காமல் செத்துப்போன எலிகளின் இதயத்தை எட்டாம் வாரம் நீ எப்படி எடுத்து எடை போட்டாய்?

படத்துக்குக் குறிப்பு மாறிப்போயிருக்கிறது யின். உன் பக்கத்தில்தான் மாறியிருக்க வேண்டும். நான் சொல்வது தப்பாக இருக்கலாம். நூறு தடவை பார்த்துவிட்டேன், தப்பாகத் தெரியவில்லை.

இரண்டாவது. புதுப் படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். இடதுபக்கம் பாங்கின் கூட்டம்: தன்னுண்ணல் இதயத்தைக் கொல்லும் என்கிறவர்கள். வலதுபக்கம் மற்ற கூட்டம்: அதுதான் இதயத்தைக் காக்கும் என்கிறவர்கள். ஒரு பக்கத்தான் மறுபக்கத்தானைத் திட்டுவதற்குத் தவிர ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; திட்டுவதற்காகப் போட்ட கோடுகளை இந்தத் தடவை விலக்கிவிட்டேன். இரண்டு பக்கத்தாரும் நல்லபடியாக மேற்கோள் காட்டுவது ஒரே ஒரு கட்டுரையை. நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு வளையம். பாலமாக நிற்கிறவற்றுக்கு மட்டும்தான் மென்பொருள் அந்த வளையத்தைப் போடும். போன் திரையில் எனக்கு அது தெரியவில்லை. அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். படம் இரண்டு துண்டாகி ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டது. பயந்துபோய் உடனே திரும்ப வைத்துவிட்டேன்.

உன் முடிவுரை எனக்கு மனப்பாடம். ஆரம்பத்தில் நிறுத்தினால் இதயம் சாகும், ஏனென்றால் அப்போது அது குப்பையைத் தின்றுகொண்டிருக்கிறது. முற்றிப்போன பிறகு நிறுத்தாவிட்டாலும் சாகும், ஏனென்றால் அதற்குள் நல்ல தசையைத் தின்ன ஆரம்பித்திருக்கும். நம் சண்டையைப் பற்றியும் இதைத்தான் நினைக்கிறேன். குப்பை எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி தசைதான் மிச்சம்.

வெய்லின்

நான்ஜிங், ஜூன் 19

வெய்லின்,

கவிதை எழுதாதே, உனக்கு வராது.

உன் கடிதம் வந்த அன்று பழைய குறிப்பேடுகளை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். மாறித்தான் இருக்கிறது. நான்தான் மாற்றிவிட்டிருக்கிறேன். ஆய்விதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் மூன்று பேர், யாரும் பார்க்கவில்லை. கூட எழுதியவர் பாங், பார்க்கவில்லை. மேற்கோள் காட்டிய அத்தனை பேரில் ஒருவர்கூட எழுதிக் கேட்கவில்லை.

அப்புறம் ஒன்று உறைத்தது. என்னை எப்படி இரண்டு கூட்டமும் மேற்கோள் காட்டுகிறது? போய்ப் பார்த்தேன். வலதுபக்கக்காரர்கள் சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறார்கள். இடதுபக்கக்காரர்கள் ஆறாவது படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்! 'தன்னுண்ணலை நிறுத்தியதால் எலிகள் பிழைத்ததை தாவ் காட்டியுள்ளார்' என்று எழுதியிருக்கிறான் ஒரு புண்ணியவான். ஆக நான் பாலமாக நிற்பது என் அறிவால் இல்லை, மாறிப்போன குறிப்பால். எத்தனை பெரிய சொற்பொழிவு ஆற்றினேன் உனக்கு, படங்களையும் சேர்த்துப் படி என்று!

திருத்தம் அனுப்பிவிட்டேன். அது வந்தால் இடதுபக்கம் என்னைக் கைகழுவிவிடும், உன் ஊதா வளையம் போய்விடும். போகட்டும். நீ உன் அடிக்கல்லைப் பெயர்த்தாய், நான் என் பாலத்தைப் பெயர்க்கிறேன்.

திருத்தத்தில் பாங்கின் கையெழுத்தும் வேண்டும். அவர் அறைக்குப் போனேன். அதைப் படித்தால் என் கட்டுரை அவரை மறுக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்துகொள்வார், இருக்கிற வேலையும் போகும் என்று பயம். காகிதத்தை நீட்டினேன். "எங்க போடணும்?" என்றார். காட்டினேன். போட்டார். "வீட்டுக்காரர் படம் எப்ப வருது?" என்றார்.

இதை மட்டும் எழுத எத்தனையோ தடவை பேனாவை எடுத்து வைத்தேன். அந்தக் கட்டுரைக்காக நான் செத்துப் பிழைத்தேன் வெய்லின். வெளிவந்து பத்து வருடம் ஆகிறது. அதை முழுதாகப் படித்த முதல் ஆள் நீதான்.

பிளாஸ்கை நீயே வைத்துக்கொள். நான் இன்னொன்று வாங்கிவிட்டேன். வெந்நீர் இல்லாமல் எத்தனை நாள்தான் கோபமாக இருப்பது?

யின்

நான்ஜிங், அக்டோபர் 5

வெய்லின்,

தபால் வந்து சேருவதற்குள் நீயே விடுமுறைக்குக் கிளம்பினாலும் கிளம்பிவிடுவாய். ஆனாலும் எழுதுகிறேன், நேரில் என்றால் சில விஷயங்களைச் சொல்ல விடாமல் நீ குறுக்கே பேசுவாய்.

உன் கட்டுரை வந்த ஆய்விதழ் போன வாரம் கிடைத்தது. சின்ன ஆய்விதழ்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன், படங்களையும் சேர்த்து. 'மிகப் பெரிய வட்டம் மிகப் பெரிய மறுப்பைக் குறிக்கிறது' என்று தைரியமாக எழுதியிருக்கிறாய். படித்ததும் பாங்கின் அறைப் பக்கமே போகவில்லை. நிலாத் திருவிழாப் பலகாரம் கொடுக்கக்கூட இன்னொருவரை அனுப்பினேன்.

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். கையில் படம். படம் மட்டும். "இன்னும் நான்தான் பெருசு, பார்த்தியா? போன தடவையைவிடக் கொஞ்சம் வளர்ந்திருக்கேன்" என்றார். சட்டம் போட்டு ஆய்வுக்கூட வாசலில் மாட்டச் சொல்லியிருக்கிறார். சிபாரிசுக் கடிதத்தை அன்றைக்கே எழுதி, பழைய மாணவருக்குப் போனும் போட்டுவிட்டார். அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லையாம். கேட்டவர்கள் எல்லோரும் கட்டுரையைக் காட்டினார்களே தவிர சிபாரிசு இல்லையாம்.

'யின், நீ பொய் சொல்கிறாயா?' என்று கேட்பாய். அவரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. "சார், உள்ள எழுதியிருக்கிறதையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று நானே சொன்னேன். "படமே இவ்வளவு பேசும்போது எழுத்து எதுக்கும்மா?" என்றார்.

என் திருத்தமும் அச்சாகிவிட்டது. அதையும் யாரும் படிக்கவில்லை. அதற்கப்புறம் இடதுபக்கக்காரர்கள் இரண்டு பேர் என்னை அதே பழைய தப்போடு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். உன் பாலத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

அப்பாவும் தனக்கு ஒரு படம் வேண்டும் என்றார். கடையில் கொடுத்து மேசை விரிப்பு அளவுக்குப் பெரிதாக்கி எடுத்து வந்து கூடத்தில் மாட்டிவிட்டார். என் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையில் அவரே ஒரு வட்டம் போட்டிருக்கிறார். ஊதா வளையம் அவருக்குப் போதவில்லையாம். வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "இந்தப் புள்ளிய எடுத்துட்டா இது பூரா ரெண்டா போயிடும், தெரியுமா?" என்கிறார். மூன்றாம் மாடி ஜியாவ் ஸ்கூட்டரைப் பற்றிச் சண்டை போட வந்தவர், அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டுச் சண்டையை மறந்து போய்விட்டார்.

நேற்று சித்தி வந்திருந்தாள். விருந்தன்று நடந்ததை அவள் மறக்கவில்லை. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் சரி, உங்க மாப்பிள்ளை இதுல எங்க இருக்கார்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு இதுல இல்ல" என்றார். "எல்லாரும் எழுதிக்கிட்டே இருந்தா படிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணாமா?"

சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கு வருகிறேன். பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. நீ ரயிலைவிட்டு இறங்கியதும் என்னைப் போனில் தேடாதே, நிமிர்ந்து பார்.

யின்